மூன்றாம் ஓலை

பிப்ரவரி 22, புதன்

லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரை இந்த வீட்டில் மீன் கிடையாது என்று சாலமோனிடம் சொன்னேன். அது வாலைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பூனைக்கு ஞானியின் பெயரை வைத்தது என் தப்பு.

காலை ஆராதனை முடிந்ததும் கிதியோன் ஐயர் கூப்பிட்டார். நம் சபைக்குப் போதகராக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என் மகன் வயதுதான் இருக்கும். "டீச்சர், லெந்து முடியற வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் சங்கத்துக்கு நீங்கதான் வேதபாடம் எடுக்கணும். வேதத்துல உள்ள உடன்படிக்கைகள். நோவாவுல ஆரம்பிச்சு வரிசையா வாங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? முப்பத்துநாலு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடம் எடுத்தவள் நான். எபெனேசர்புரத்தில் என்னை விட்டால் வேறு யார்? பெருமையாகத்தான் இருந்தது. வாசல்வரை வந்து திரும்பிப் போய், சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

முதல் பாடம். நோவா. முப்பத்திரண்டு பெண்கள் வந்திருந்தார்கள்.

வானவில்லை நாம் பார்த்து ரசிப்பதற்காகக் கடவுள் வைக்கவில்லை, தம்முடைய வாக்கைத் தாமே நினைத்துக்கொள்வதற்காக வைத்தார் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முறுக்கும் காப்பியும் கொடுத்தார்கள்.

ஞானசுந்தரியும் வந்திருந்தாள். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. முன்பைவிட இளைத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்று திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் நாள். பீடத்தண்டை போய் முழங்கால் போட வேண்டுமே, என் முழங்கால் வலிக்கு அது தோதுப்படாது. வழக்கம்போலப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷமாக இந்த முழங்கால் பெரிய உபத்திரவம்.

மத்தியானம் மகன் டைட்டஸ் குவைத்திலிருந்து பேசினான். எல்லா ஞாயிறும் கேட்பதைத்தான் கேட்டான்.

"கோயிலுக்கு எல்லாரும் வந்திருந்தாங்களாம்மா?"

சொன்னேன். தபால்காரர் வீடு, டாக்டரம்மா வீடு, வடக்குத் தெருக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னேன்.

"வேற யாரும்?"

"எல்லாரையும் சொல்லிட்டேனே."

சரிம்மா, வைக்கிறேன் என்றான். முப்பத்துநாலு வயதாகிறது. பெண் பார்க்கட்டுமா என்றால் பார்க்கலாம் என்கிறான். வரன் வந்தால் லீவு இல்லை என்கிறான். யாரைப் போலப் பிடிவாதமோ தெரியவில்லை.

மார்ச் 3, வெள்ளி

ஆபிரகாம். வீட்டில் குறிப்பு எடுக்கும்போதே எரிச்சலாக வந்தது. ஊரை விட்டுப் புறப்படும்போது ஒரு வாக்கு. அப்புறம் நட்சத்திரங்களைக் காட்டி அதே வாக்கு. பெயரை மாற்றிவிட்டு மறுபடியும் அதே வாக்கு. மலைமேல் மகனை இழக்காமல் திரும்பிய பிறகும் ஆணையிட்டு அதே வாக்கு. பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரி யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்து "கூறியது கூறல்" என்று போட்டிருப்பேன்.

பாடம் முடிந்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்றேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்பதுதான். மூன்றாவது வரிசையில் கை உயர்ந்தது.

"ஒரு சந்தேகம் டீச்சர். ஒருதரம் பண்ணின உடன்படிக்கை போதும்னா, கடவுள் ஏன் அதைத் திரும்பத் திரும்பப் பண்ணினார்?"

சுந்தரிதான். ஆறு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அதுவும் "டீச்சர்" என்று. நாற்பது வருஷம் "ஏட்டி எமிலி" என்று கூப்பிட்ட வாய்.

"கடவுள் மறந்ததுனால இல்ல. ஆபிரகாம் தளர்ந்து போனதுனால" என்றேன்.

"அப்போ தளர்ந்து போனவங்களுக்கு ரெண்டாம் தரம் உண்டு?"

"உண்டு" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மார்ச் 7, செவ்வாய்

ஏணி போட்டு ஏறிப் பரண் முழுக்க ஒட்டடை அடித்தேன். இறங்கி, குத்தவைத்து உட்கார்ந்து கொல்லையில் புல் பிடுங்கினேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கர்த்தருக்கு நன்றி.

மார்ச் 9, வியாழன்

நாளைக்குச் சீனாய் மலை. பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள். எத்தனையோ தடவை நடத்திய பாடம், குறிப்பே வேண்டாம் என்று நினைத்தேன். சும்மா ஒருதரம் வாசித்துப் பார்க்கலாம் என்று திறந்ததுதான் வினையாகிவிட்டது.

முதல் பலகைகள் கடவுளே செய்தவை. கல்லும் அவருடையது, எழுத்தும் அவருடையது. மோசே கோபத்தில் போட்டு உடைத்துவிட்டான். இரண்டாம் முறை மலைக்கு வரச் சொன்னபோது, முன்பு இருந்ததைப் போல இரண்டு கல்லை நீயே இழைத்துக்கொண்டு வா, நான் எழுதுகிறேன் என்கிறார். உடைத்தவனேதான் கல்லை இழைக்க வேண்டும். இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் என் கண்ணில் இது பட்டதே இல்லை.



மார்ச் 10, வெள்ளி

மோசே பலகைகளை உடைத்ததோடு பாடத்தை முடித்துவிட்டேன். நேரமாகிவிட்டது என்று சொன்னேன். பதினைந்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சுந்தரி பக்கத்தில் வந்து நின்றாள். "உடைச்சதோட நிப்பாட்டிட்டீங்களே டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 12, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை.

சுந்தரியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்திச்சிகள். பாடகர் குழுவில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடியவர்கள். அவள் மகள் பெர்சிஸ் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஞானஸ்நானத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். ஞானத்தாய். பேசத் தெரியாத பிள்ளைக்குப் பதிலாக, இவள் உம்முடையவளாகவே இருப்பாள் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்தது என் வாய்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். டைட்டஸுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. எங்களுக்கும் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. கலியாணத்துக்கு ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பது எங்கள் வழக்கம். எனக்குத் தெரிந்து அதற்கு யாரும் எழுந்ததில்லை. அந்த நேரத்தில் எல்லாரும் காணிக்கைச் சில்லறையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் ஒருத்தி வந்து சொன்னாள். நர்ஸ் படிக்கும்போது பெர்சிஸ் தூத்துக்குடிக் கடலில் இறங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாளாம், முழுக்கு ஞானஸ்நானம். குழந்தையில் எடுத்தது செல்லாது என்கிறவர்கள்தான் அப்படி முழுகுவார்கள் என்பது எங்கள் சபையின் எண்ணம். நான் அவளிடம் கேட்கவில்லை. சுந்தரியிடமும் கேட்கவில்லை. மறுநாள் ஓலை வாசித்ததும் எழுந்து நின்று, "ஆட்சேபணை உண்டு. இந்தப் பெண் தன் ஞானஸ்நானத்தைத் தள்ளிவிட்டவள்" என்றேன். முழுச் சபைக்கும் முன்னால். பெர்சிஸ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பழைய ஐயர் ஓலையை நிறுத்திவிட்டார். டைட்டஸ் ஒரு மாதத்தில் குவைத்துக்குப் போனான்.

உபதேசத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். அவளுக்காக நான் கொடுத்த வாக்கு அவளுக்குப் போதவில்லையே என்று எனக்கு ரோஷம். அந்தப் பிள்ளை கடலில் இறங்கியது அவள் அப்பாவை அடக்கம் பண்ணிய நாற்பதாம் நாள். அது எனக்குத் தெரியும். அப்போதே தெரியும்.

மார்ச் 15, புதன்

மாதத்தில் ஒரு கூட்டம் யாராவது வீட்டில் நடக்கும். இந்த வெள்ளிக்கிழமை யார் வீட்டில் என்று சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். முறைப்படி சுந்தரி வீடாம். "உங்களுக்குச் சங்கடம்னா மாத்திக்கலாம் டீச்சர்" என்றாள். எனக்கென்ன சங்கடம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மார்ச் 17, வெள்ளி

போனேன். அந்த வீட்டுப் படி ஏறி ஆறு வருஷம். சுவரில் அதே மஞ்சள் சுண்ணாம்பு. அதே தையல் மிஷின்.

முதலில் போன வாரத்து மீதியைச் சொன்னேன். உடைத்தவனே கல் இழைத்த கதை. பிறகு எரேமியா. ஜனங்கள் உடன்படிக்கையை மீறிவிட்டார்கள், அதோடு கடவுள் கைகழுவிவிடவில்லை, புது உடன்படிக்கை பண்ணுவேன் என்கிறார், இந்த முறை கல்லில் இல்லை, இருதயத்தில் எழுதுவேன் என்கிறார் என்று சொல்லும்போதே வேதபுத்தகத்தை மூடிவிட்டேன். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தது பெர்சிஸ். ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறாள். முப்பத்தொரு வயது, இன்னும் கலியாணம் ஆகவில்லை. கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சுந்தரி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "என்ன டீச்சர், வீட்டுக்குப் போகலையா?" என்றாள்.

"டீச்சர்னு கூப்பிடாத சுந்தரி. அதைவிட நாலு அடி அடிச்சிரு."

"அடிக்கணும்னுதான் ஆறு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னவள் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், சத்தம் போட்டு அழுதேன்.

"நான் உடைச்சேன். நானே கல்லைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கேன். உன் மகளை என் மகனுக்குத் தருவியா?"

"ஏட்டி, என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவகிட்ட கேளு."

பெர்சிஸ் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"அம்மாவை அழவச்சு என்கிட்ட சம்மதம் வாங்கிரலாம்னு நினைக்காதீங்க டீச்சர்" என்றாள். "ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா? அப்பா போனதும் எனக்கு ஜெபமே வரல. நீங்க எனக்காகக் கொடுத்த வாக்கை நானே என் வாயால ஒருதரம் சொல்லணும்னு தோணிச்சு. தள்ளிவிடறதுக்கா கடல்ல இறங்கினேன்? பிடிச்சுக்கிடறதுக்கு இறங்கினேன்."

முப்பத்துநாலு வருஷம் வேதபாடம் எடுத்தவளுக்கு அந்தப் பிள்ளை பாடம் எடுத்துவிட்டாள்.

"தப்புதாம்மா" என்றேன்.

"இங்க மூணு பேருக்குள்ள சொல்லுதீங்க. அன்னைக்கு முந்நூறு பேருக்கு முன்னால சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "மறுபடியும் ஓலை வாசிக்கட்டும். மூணாவது ஓலைக்கு நீங்க எழுந்திருங்க. அதே இடத்துல. என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தரமாட்டேன். அதுக்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கலியாணம். நீங்க எழுந்திரிக்கலைன்னா நானே எழுந்திருச்சு ஆட்சேபணை உண்டுன்னு சொல்லிருவேன்."

சொன்னால் செய்வாள். என் ஞானமகள் ஆயிற்றே.

மார்ச் 18, சனி

டைட்டஸுக்கு நானே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து அலோ அலோ என்று கத்தினேன்.

"இருக்கேம்மா" என்றான். குரல் சரியாக இல்லை. "ஈஸ்டருக்கு லீவு சொல்லிட்டேன். டிக்கெட் போட்டுட்டேன்."

"எப்போலே போட்ட?"

"ஜனவரியில."

"ஜனவரியில எதுக்குப் போட்ட? அப்போ இது ஒண்ணும் இல்லையே."

"எல்லா வருஷமும் போடுவேம்மா. அப்புறம் கேன்சல் பண்ணிருவேன்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 26, ஞாயிறு

முதல் ஓலை. வாசித்ததும் கோயிலில் ஒரு சலசலப்பு. முந்நூறு தலையும் என் பக்கம் திரும்பின. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைகீழாக.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

இரண்டாம் ஓலை. தபால்காரர் மனைவி வாசலில் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை ஒண்ணும் இல்லையே டீச்சர்?" என்றாள். குருத்தோலையால் ஒன்று போடலாமா என்று வந்தது. லெந்து காலம், பொறுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, புதன்

டைட்டஸ் நேற்று வந்தான். கன்னத்தில் நரை. வந்த அன்றைக்கே சுந்தரி வீட்டுக்குப் போகட்டுமா என்று பத்து வயதுப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

சொல்ல வேண்டியதை எழுதி எழுதிப் பார்க்கிறேன். முதலில் எழுதியதில் பழைய ஐயர்மேல் பாதிக் குற்றம் போய்விட்டது. கிழித்தேன். இரண்டாவதில் செய்தி சொன்னவள்மேல். அதையும் கிழித்தேன். மூன்றாவது நாலே வரி. எல்லாவற்றிலும் "நான்" இருக்கிறது. அதுதான் சரி.

பயமாக இருக்கிறது. கணவரை அடக்கம் பண்ணிய அன்றைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. தம்முடைய இரத்தத்தால் புது உடன்படிக்கை என்று ஐயர் சொன்னபோது, அதற்கு அவர் கொடுத்த விலையையும் நான் கொடுக்க வேண்டிய நாலு வரியையும் நினைத்துப் பார்த்தேன். பயம் போகவில்லை. குறைந்தது.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

விடியற்காலை நாலரைக்குப் பவனி. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று தெருவெல்லாம் பாடிக்கொண்டு வந்து கோயிலுக்குள் நுழையும்போது கிழக்கு ஜன்னல் வெளுத்திருந்தது. எல்லாரும் வெள்ளை உடுப்பு. எங்கும் லில்லிப் பூ. அன்றைக்கு உட்கார்ந்த அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அறிவிப்பு நேரம். ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். மனுஷருக்குப் பண்டிகை அவசரம். ஆட்சேபணை என்ற வார்த்தையைச் சொன்ன அதே மூச்சில், "இன்று மாலை அசன விருந்துக்கு வாழையிலை கொண்டுவருகிறவர்கள்" என்று போய்விட்டார். நான் கையை ஊன்றி எழுந்திருப்பதற்குள் வாழையிலை வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் பெர்சிஸ் பெஞ்சின் முன்கட்டையைப் பிடித்தாள். எழுந்திருக்கப் போகிறாள்.

"ஐயா, நில்லுங்க!" என்று கத்தினேன்.

ஆண்கள் பக்கத்தில் டைட்டஸ் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி "ஐயோ, மறுபடியுமா!" என்றாள். தபால்காரர் மனைவியாகத்தான் இருக்கும்.

எழுதி வைத்திருந்த காகிதம் பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு நான் ஆட்சேபணை சொன்னேன். அது தப்பு. பெர்சிஸ் தன் ஞானஸ்நானத்தைத் தள்ளல. நான் அவளுக்காகக் கொடுத்த வாக்கை அவ தன் வாயால புதுப்பிச்சா. உடைச்சது நான். உங்க எல்லாருக்கும் முன்னால அவகிட்ட மன்னிப்புக் கேக்கேன். பெர்சிஸ், என் ஞானமகளே, என்னை மன்னிச்சிரு. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

பெர்சிஸ் எழுந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மன்னிச்சுட்டேன் அத்தை" என்றாள்.

அத்தை என்றாள்.

"ஆமென்!" என்று ஒரு குரல். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று காதைப் பிளந்த அதே குரல், சுந்தரி. அதன்பின் முந்நூறு பேரும் ஆமென் என்றார்கள். ஓட்டிலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன. கிதியோன் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஓலை நிறைவேறியது" என்றார். ஆர்மோனியக்காரர் யார் சொல்லியும் கேட்காமல் உயிர்த்தெழுதல் பாட்டை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். எல்லாரும் எழுந்து நின்று பாடினோம். என் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை கலியாணம். சாலமோனுக்கு இன்று ஒரு முழு மீன். ஆனால் அதற்கு முன்னால் திருவிருந்து.

என் பெஞ்சின் முறை வந்தது. எழுந்து நடந்தேன். பீடத்தண்டை சுந்தரிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவள்தான் சேலையை ஒதுக்கி இடம் போட்டு வைத்திருந்தாள். மளமளவென்று முழங்கால் போட்டேன்.

சுந்தரி தலையைக் குனிந்தபடியே என் காதில், "ஏட்டி எமிலி, முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்றாள்.

"எந்த முழங்கால்?" என்றேன். ஐயர் அப்பத்தோடு வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் கையை ஏந்தினோம்.